மாமா குரலுக்கு மேல் ஒரு பாஞ்சோ

நம்ம அபுதாபி ருவைஸ் ஸ்கூல் பிள்ளைங்க குரூப்புல போன வாரம் ஒருத்தி கேட்டா, "ஏன்டி, கடக்கரைக்காரிக்கு அமெரிக்க மலைக்காட்டுப் பாட்டு மேல அப்படி என்ன பைத்தியம்?" சிரிக்கிற மூஞ்சி ஒண்ணைப் போட்டுட்டு நழுவிட்டேன். ஆனா நீங்க எல்லாரும் என்னோட ஒரே ஸ்கூல் பஸ்ல வேர்த்து வழிஞ்சு வந்தவங்க. பாதிப் பேர் தலைக்கு டை அடிக்கிற வயசுக்கு வந்தாச்சு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? கேளுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ஒரே பாட்டைக் கட்டிக்கிட்டு அழுற ஆள் இல்ல. கானா கேட்டா கால் தன்னால ஆடும். கல்யாண வீட்ல நாகஸ்வரம் நல்லா வாசிச்சா பந்தியை விட்டுட்டு மேடைக்குக் கீழ போய் நிப்பேன். டாக்ஸில பட்டான் டிரைவர் பாட்டு வெச்சா "பாய், சவுண்ட் கூட்டுங்க"ம்பேன். ஊத் வாசிச்சுக்கிட்டுப் பாடுற அரபிப் பாட்டுல அர்த்தம் புரியாமலே கண்ணீர் விட்டிருக்கேன். ஆனா அந்த மலைக்காட்டு ப்ளூகிராஸ்னு வந்துட்டா நான் ஆசாரக்காரி. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிடார், நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய பேஸ். அஞ்சு பேரும் ஒரே மைக்கைச் சுத்தி நிக்கணும், அவங்கவங்க முறை வரும்போது முன்னால வந்து வாசிச்சிட்டு விலகணும். டிரம்ஸ் வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். "இதுல கொஞ்சம் டிரம்ஸ் சேர்த்தா என்னம்மா?"ன்னு என் மகன் கேட்டான். "மீன்குழம்புல சீனி சேர்த்தா என்னடா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பாட்டு எனக்கு எப்படிக் கிடைச்சதுங்கறதைத்தான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்ப எனக்குப் பதினொண்ணு. அப்பா ரிஃபைனரில ஆபரேட்டர், ஷிப்ட் டூட்டி. அம்மா ஆஸ்பத்திரில நர்ஸ். வீட்ல பாதி நேரம் யாராவது ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருப்பாங்க, அதனால நான் சத்தம் போடாம வளர்ந்த பிள்ளை. கதவைக்கூடப் பூனை மாதிரிதான் சாத்துவேன். ஜன்னலைத் திறந்தா ரிஃபைனரியோட அழுகின முட்டை நாத்தம், தூரத்துல எரிஞ்சுக்கிட்டே இருக்கிற தீ, நாள் முழுக்க ஏசி இரைச்சல். உங்களுக்குத் தெரியாததா.

ஒருநாள் ஒரு அமெரிக்க இன்ஜினியர் இடது கை விரலைக் கிழிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கார். அம்மாதான் கட்டுப் போட்டிருக்காங்க. வலிக்குதுன்னு சொல்லாம, "இனிமே வாசிக்க முடியுமா, வாசிக்க முடியுமா"ன்னு அதையே கேட்டு உயிரை எடுத்தாராம். விரல் ஆறினதும், நன்றிக்கு, வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்புக்குப் பின்னால வாசிக்கிறோம், குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருக்கார். அப்பாவுக்கு டூட்டி. அம்மா என்னைக் கூட்டிட்டுப் போனாங்க.

பிளாஸ்டிக் நாற்காலி பத்துப் பதினஞ்சு. மேடை கிடையாது. அந்த இன்ஜினியர் மடியில பாஞ்சோன்னு வட்டமா ஒண்ணை வெச்சுக்கிட்டு விரல்ல இரும்பு நகத்தை மாட்டினார். அடுத்த நிமிஷம் வாணலியில கடுகு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். எனக்கு முதுகெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சத்தம் போடாம வளர்ந்த பிள்ளைக்கு, ஒருத்தர் விடாம இத்தனை சத்தம் போட்டு, அதுவும் இவ்வளவு அழகா போட முடியும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மூணு பேர் சேர்ந்து மூக்கால, நெத்தி நரம்பு புடைக்க, உச்சத்துல பாடினாங்க. அம்மா என் காதுல, "எடீ, சாவு வீடு மாதிரியும் இருக்கு, கல்யாண வீடு மாதிரியும் இருக்கு"ன்னாங்க. இத்தனை வருஷத்துல ப்ளூகிராஸைப் பத்தி இதைவிடச் சரியா யாரும் சொல்லி நான் கேட்கல.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட குதிச்சுக் குதிச்சுச் சொன்னேன். அப்பா பாட்டுப் பேரைக் கேட்டார். சொன்னேன். "நீலப் புல்லா? கஞ்சா விக்கிறவன் பேர் மாதிரில்லா இருக்கு"ன்னார். குதிரைக்காரன் படத்துல சாராயக் கடையில பாடுற பாட்டுதான் அதுன்னு அவரா ஒரு முடிவு. வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல ஜெபக்கூட்டம் நடக்குது, அந்த வீட்ல குடிகாரப் பாட்டு கேட்கக் கூடாது, இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. கலாஸ், முடிஞ்சுது. பெரியவளாகி இங்கிலீஷ் ஒழுங்கா புரிஞ்ச பிறகு கணக்குப் பார்த்தா, அந்தக் கேசட்ல பாதிப் பாட்டுக்கு மேல யேசுவைப் பத்தினது. அப்பாகிட்ட சொன்னேன். "அப்படியா? பின்ன ஏன் பஸ் பிடிக்கப் போறவனுவ மாதிரி அவ்வளவு வேகமா பாடுதானுவ?"ன்னு கேட்டார்.

கேசட்டுன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன்.

ரெண்டு மாசத்துல அந்த இன்ஜினியருக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. ஒரு செவ்வாய்க்கிழமை அவரோட மனைவி என்னை ஸ்கூல் வாசல்ல பார்த்து ஒரு கேசட்டைக் கையில வெச்சாங்க. அவங்க வீட்ல அவங்களே பாடிப் பதிஞ்சது. "வியாழக்கிழமை காலையில கிளம்பறோம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காப்பி எடுத்துட்டுத் தந்துடு." புதன்கிழமை மத்தியானம் வீட்ல யாரும் இல்ல. ரெண்டு கேசட் போடுற டூ-இன்-ஒன் இருந்துச்சு. காலிக் கேசட் மட்டும் இல்ல.

இங்க ஒரு விஷயம். நம்ம எல்லார் வீட்லயும் பேசுற கேசட் உண்டு, ஞாபகம் இருக்கா? லெட்டருக்குப் பதிலா குரலைப் பதிஞ்சு, லீவுக்குப் போறவங்க, வர்றவங்க கையில கொடுத்து அனுப்புறது. எங்க வீட்ல அதுக்கு ஒரு சட்டமே இருந்துச்சு. புதுசா வந்த கேசட்டை மாதா படத்துக்கு முன்னால வைக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேரும் வீட்ல இருக்கிற வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிஞ்சதும், சேர்ந்து உக்காந்து கேட்கணும். கேட்டு முடிச்சதும் பிஸ்கட் டின்னுக்குள்ள போயிடும். டின்னுக்குள்ள போனது மறுபடி பேசி அனுப்புறதுக்கு, அதாவது அழிக்கலாம். நான் டின்னைத் திறந்து மேலாப்பில இருந்ததை எடுத்தேன். நாலஞ்சு பேரு அடிச்சு அடிச்சு எழுதின பழைய லேபிள். ரெண்டு பக்கமும் பதிஞ்சேன். ஒரு மணி நேரம் அந்த மெஷின் முன்னாலேயே தரையில உக்காந்து கேட்டேன். சாயங்காலம் ஓடிப்போய் ஒரிஜினல் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அன்னைக்கு ராஜாத்தி மாதிரி நடந்து வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா அம்மாகிட்ட சாதாரணமா சொன்னார், "மறந்தே போச்சு. உன் தம்பி கேசட் வந்துருக்கு. லீவு முடிஞ்சு வந்தவரு நேத்துக் காலையில கொண்டாந்து தந்தாரு. டூட்டிக்கு நேரமாச்சுன்னு டின்னுக்குள்ள போட்டுட்டுப் போனேன். நாளைக்குக் கேப்போம். தலைபோற காரியமா இருக்கப் போவுது?"

நேத்து மத்தியானம் டின்னுக்குள்ள மேலாப்பில இருந்ததை எடுத்தவ நான்.

அம்மாவோட தம்பி. எனக்கு மாமா. அம்மாவுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது தாத்தாவும் பாட்டியும் ஒரே வருஷத்துல போயிட்டாங்க. ஆறு வயசுத் தம்பியைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். அவர் எங்க ஊர்ல கடலுக்குப் போறவர். எழுதறது சரியா வராது, கேசட்தான். அக்காவைக் கேட்காம முடிகூட வெட்டமாட்டான்னு அப்பா கேலி பண்ணுவார்.

அப்பா குளிக்கப் போன நேரம், அம்மா பால்கனியில துணி எடுக்கிற நேரம், ஹெட்போனை மாட்டிக் கேசட்டை ஓட்டினேன். முதல் பக்கம் முழுக்கப் பாஞ்சோ. ரெண்டாவது பக்கமும் பாஞ்சோ. நேத்து தேன் மாதிரி இருந்ததை இன்னைக்கு ஓட்டி ஓட்டித் தள்ளினேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஒரு 'டக்'. அதுக்கப்புறம் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்திருக்கு. அதுல மாமா.

"...இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லக்கா. சனிக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏஜென்டு வேன் வருது. அதுக்கு முன்ன பங்குச் சாமியார் வீட்டு போனுக்குக் கூப்புடு. பஹ்ரைன்ல மீன்பிடி போட்டுக்குப் போவாண்டாம்னு நீ ஒரு வார்த்த சொன்னா நான் போவமாட்டேன். நீ கூப்புடலன்னா, உனக்குச் சம்மதம்னு எடுத்துக்கிடுவேன். காலத்தேருந்து நான் அங்கனயே நிப்பேன். மருமவளக் கேட்டதா சொல்லு."

அவ்வளவுதான். முன்னால அவர் என்ன பேசினாரு, எதுக்குப் போறாரு, எந்த அரபி, எத்தனை வருஷம், எல்லாம் போச்சு. என் கையால போச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலன்னு நீங்க கேட்பீங்க. அப்பா அடிப்பார்னு பயம்னு சொன்னா நம்புவீங்க. அதுவும் உண்மைதான். ஆனா முழு உண்மை இல்ல. சொன்னா அந்தக் கேசட்டை உடைச்சிடுவாங்க. அந்தப் பாட்டு உலகத்துலயே இனிமே எனக்குக் கிடைக்காது. ஒரு மனுஷனோட வாழ்க்கையை ஒரு பக்கமும் பன்னெண்டு பாட்டை இன்னொரு பக்கமும் வெச்சு, நான் பாட்டுப் பக்கம் நின்னேன். சீ. இப்ப எழுதும்போதும் வெக்கமா இருக்கு.

கேசட்டை ஸ்கூல் பைக்குள்ள ஒளிச்சேன். வெள்ளிக்கிழமை ஜெபம் முடிஞ்சு வந்தவங்க எல்லாம் டீ குடிச்சிட்டுப் போனதும் அப்பா டின்னைத் திறந்தார். "இங்கனதான வெச்சேன்?" கட்டிலுக்கு அடியில, ஷோகேஸ் மேல, அவரோட டூட்டி பேண்ட் பாக்கெட்ல. நானும் கூடச் சேர்ந்து தேடினேன்! சோபா மெத்தையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கள்ளி.

அம்மா சொன்னாங்க, "விடுங்க. எங்கயாவது கெடக்கும். அவன் என்னத்தச் சொல்லப் போறான், மீன்பாடு இல்ல, காத்து அடிக்கு, வேறென்ன."

இந்தப் பக்கம் ருவைஸ், அந்தப் பக்கம் எங்க கடக்கரை. நாளைக்கு ஒரு ஆள் போன் பக்கத்துல நிப்பாருங்கறது நடுவுல எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இந்தியா நேரம் தெரியும், ஒன்றரை மணி நேரம் கூட. அங்க ரெண்டுன்னா இங்க பன்னெண்டரை.

சனிக்கிழமை ஸ்கூல்ல கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கல. ஒன்பது. பத்து. மாமா அங்க வெயில்ல நின்னுக்கிட்டு இருப்பார். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் தலையைத் தூக்குவார். பதினொண்ணு. டீச்சர் கரும்பலகையில என்னமோ பின்னம் போட்டாங்க. பதினொண்ணே முக்காலுக்கு எந்திரிச்சு, "மிஸ், வயித்து வலி"ன்னேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவங்க ஒரு கேள்வி கேட்கல. ஸ்கூல் வேன்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க.

அம்மா ஒரு லேபர் கேம்ப் ஆளுக்குக் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "என்ன மக்களே?"ன்னாங்க. "அம்மா, ஒரு நிமிஷம் வா." "இரு, இத முடிச்சிட்டு வாறேன்." சுவர்க் கடிகாரம் பன்னெண்டு அஞ்சு. அம்மா பஞ்சை எடுக்கிறாங்க, மருந்துல நனைக்கிறாங்க, பொறுமையா துடைக்கிறாங்க. பன்னெண்டு பத்து. அந்த ஆள் வலியில "ஆஹிஸ்தா பெஹன், ஆஹிஸ்தா"ங்கறார். மெதுவாவாம்! எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. பன்னெண்டேகாலுக்கு அம்மா கையைக் கழுவிட்டு வந்தாங்க.

திரைக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கொட்டினேன். மாமா சொன்னதை மனப்பாடமா, ஒரு எழுத்து விடாம, அவர் மாதிரியே சொன்னேன். ரெண்டு நாள் அதைத் தவிர வேற எதுவும் என் மண்டையில ஓடல.

அம்மா முகம் வெளுத்துப் போச்சு. "அதுக்கு முன்னால? முன்னால என்னட்டி சொன்னான்?"

"தெரியாதும்மா. அழிஞ்சு போச்சு."

அடிக்கல. என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினாங்க. வாசல்ல கார்டு போட்டுப் பேசுற போன். நம்பர் ரெண்டு தடவை கிடைக்கல. மூணாவது தடவை எங்கேஜ். நாலாவது தடவை அடிச்சுது. எடுத்தது ஊர் உபதேசியார், கோயில் வேலையெல்லாம் பார்க்கிறவர். அம்மா, "அவன் நிக்கானா? அவன்கிட்ட குடுங்க"ன்னு கத்தினாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கிட்டு நின்னாங்க.

"போயிட்டானா? எப்ப?"

இன்னும் கொஞ்ச நேரம்.

"சரி உபதேசியாரே. வைக்கேன்."

போனை மெதுவா மாட்டினாங்க. வேன் கொஞ்சம் முந்தியே வந்துட்டாம், அஞ்சு நிமிஷத்துக்கு முன்ன ஏறிப் போயிட்டானாம். மணி பன்னெண்டு இருபத்தஞ்சு. "வா, வயித்து வலின்னுதான வந்த, மாத்திர தாரேன்"னாங்க. அழல. எனக்கு அவங்க அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சாயங்காலம் அப்பாவுக்குத் தெரிஞ்சதும் ருத்ரதாண்டவம். கேசட்டைத் தரையில போட்டு மிதிக்கப் போனார். அம்மா அவர் காலுக்கு நடுவுல கையை விட்டு எடுத்துட்டாங்க. "அதுல எந்தம்பி கொரல் கொஞ்சம் கெடக்கு. தொடப்பிடாது." அப்படித்தான் அந்தக் கேசட் தப்பிச்சுது.

மாமா பஹ்ரைன் போனார். முதல் ரெண்டு வருஷம் கொடுமை. பாஸ்போர்ட் கஃபீல், அதான் அரபி முதலாளி, கையில, போட்டுலேயே சாப்பாடு, போட்டுலேயே தூக்கம். கடிதாசி அபூர்வம். அம்மா சனிக்கிழமை ஒரு நேரம் பட்டினி கிடக்க ஆரம்பிச்சாங்க. நானும் எனக்கு ஒரு தண்டனை வெச்சுக்கிட்டேன். சனிக்கிழமை தோறும் அந்தக் கேசட்டை முதல் பாட்டுலேருந்து போட்டு, கடைசியில மாமா குரல் வர்ற வரைக்கும் உக்காந்து கேட்கணும். எந்திரிக்கக் கூடாது. கொடுமை என்னன்னா, ஒவ்வொரு வாரமும் அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் பிடிச்சுது. ஃபிடில் எங்க நுழையும், மாண்டலின் எங்க விலகி வழிவிடும், எல்லாம் ரத்தத்துல ஊறிப்போச்சு. அம்மா அந்தப் பக்கமா போகும்போது வாசல்ல கொஞ்சம் நிப்பாங்க, ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க. இவங்க என்னை மன்னிக்கவே மாட்டாங்கன்னு நினைச்சுக்குவேன். அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசினதில்ல. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

போன டிசம்பர்ல ஒரு வேலையா பஹ்ரைன்ல மனாமா போனேன். மாமா இப்ப அங்க குதைபியாவுல ஒரு சின்ன கோல்ட் ஸ்டோர், நம்ம ஊர் மளிகைக் கடை மாதிரி, வெச்சிருக்கார். கடலை விட்டுப் பல வருஷம் ஆச்சு. கடைக்கு மேலேயே வீடு. அத்தை மீன் பொரிச்சுப் போட்டாங்க. "ஒனக்கு என்னமோ பாட்டு பைத்தியமாமே, போடு பாப்போம்"னார். போன்ல போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டார். "நாங்க மடி வல இழுக்கும்போது படிக்குத அம்பாப் பாட்டு மாதிரில்லா இருக்கு. ஒருத்தன் எடுத்துக் குடுக்கான், மத்தவன் ஏத்துப் பிடிக்கான்."

அவர் அப்படிச் சந்தோஷமா சொன்னதும் எனக்குத் தாங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா உங்க கேசட்டைக் கேட்கவே இல்ல மாமா, நான் அழிச்சிட்டேன், நான் முந்தியே சொல்லியிருந்தா நீங்க அந்தப் போட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க.

மாமா மெல்றதை நிறுத்திட்டார்.

"மக்களே, அன்னைக்கு போன் அடிக்கும்போ நான் பக்கத்துலதான் நின்னேன்."

"என்ன மாமா?"

"உபதேசியாரு எடுத்து, 'ஒனக்க அக்கா'ன்னாரு. எனக்குப் போவணும். அம்புட்டு ஆச. அவ போவாண்டாம்னு ஒரு சொல்லு சொன்னா என்னால மீற முடியாது. 'நான் போயாச்சுன்னு சொல்லும்'னு கையெடுத்துக் கும்புட்டேன். வேன் வந்தது ரெண்டேகாலுக்கு. அக்காகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைத் தூக்கி அடிச்சிருப்பேன். முப்பது வருஷம்! வெளிய படிக்கட்டுக்கு வந்து ஊருக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அவங்க பாரத்தையாவது இன்னைக்கு இறக்கிடலாம்னு மூச்சு விடாம சொன்னேன், "அம்மா, மாமா அன்னைக்கு ஏறிப் போகல, அங்கதான் நின்னிருக்கார், வேணும்னே பொய் சொல்ல வெச்சிருக்கார்."

அம்மா அமைதியா, "தெரியும் மக்களே"ன்னாங்க.

"எப்படித் தெரியும்?"

"போயாச்சுன்னு சொல்லும்னு பின்னால அவன் சொன்னது போன்ல கேட்டுச்சே. நான் தூக்கி வளத்தவன் கொரலு எனக்குத் தெரியாதா? பொய் சொல்லிட்டுப் போவுத அளவுக்கு ஆசப்படுதான்னா, போவட்டும்னு போன வச்சிட்டேன். பெறகு அவன் அங்க கெடந்து பாடுபட்டப்ப, புடிச்சு நிறுத்தாம விட்டோமேன்னு எனக்கு ஒரு சங்கடம். அதான் பட்டினி கெடந்தேன்."

"என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒனக்கு எதுக்குடி? சனிக்கெழம ஆனா அந்தப் பாட்டப் போட்டுக்கிட்டு அசையாம உக்காந்து கேப்பியே. வாசல்ல நின்னு பாப்பேன். பிள்ள எல்லாத்தையும் மறந்துட்டு சந்தோசமா இருக்குன்னுதான் நான் ஒண்ணும் பேசல."

அது தண்டனைம்மான்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. உள்ள மாமா மூக்கைச் சிந்துற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கம் அறுபத்தொன்பது வயசுல அம்மா பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.

"ஆமாம்மா"ன்னேன். "எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்."